வேக்குவம் பம்புக்குத் தொட்டி எதற்கு?

பைபர் கிளாஸ் மேட், ரெசின், ஹார்டனர் விற்கும் உறுப்பினர்களிடம் வேக்குவம் பம்பு கேட்டும் வாடிக்கையாளர் வருவதுண்டு. பம்பை மட்டும் பில் போட்டுக் கொடுத்தால், சில நாளில் "மோட்டார் எரிந்துவிட்டது" என்று அவர் திரும்பி வரக்கூடும். அப்போது குறை பம்பில் இல்லாமல், அதை இணைத்த விதத்திலும் இருக்கலாம். விற்பவருக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

முதலில் வேலையைப் பார்ப்போம். அச்சின் மேல் உலர்ந்த பைபர் துணியை அடுக்கி, பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, ஓரங்களைப் பசை நாடாவால் ஒட்டுகிறார்கள். ஒரு குழாய் வழியே காற்றை இழுத்த பின், மறுகுழாய் வழியே ரெசினை உள்ளே விடுகிறார்கள். 600 மி.மீ. வேக்குவத்தில் வெளிக்காற்று தாளின் மீது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 8 டன் பாரமாக அழுத்தும். ரெசின் இறுகும் வரை வேக்குவம் இறங்கக் கூடாது.

இனி தொட்டியின் கணக்கு. பை, குழாய், ரெசின் பிடிக்கும் பாத்திரம் எல்லாம் சேர்ந்து 4 லிட்டர் இடம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1 லிட்டர் காற்று கசிகிறது. 650 மி.மீ. வந்ததும் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும். 600க்கு இறங்கினால் ஓடவிடும். தொட்டி இல்லாவிட்டால் 16 விநாடியில் மோட்டார் மறுபடி கிளம்ப வேண்டும். 50 லிட்டர் தொட்டி இருந்தால் மூன்றரை நிமிடம் ஓய்வு கிடைக்கும். அடிக்கடி கிளம்பும் மோட்டார்தான் சூடேறிக் கெடுகிறது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. தொட்டி கசிவை அடைப்பதில்லை, மறைக்கிறது. மேற்சொன்ன கசிவில், தொட்டி இருக்கும்போது கேஜ் முள் நிமிடத்துக்குச் சுமார் 14 மி.மீ. மட்டுமே இறங்கும், பை நன்றாக இருப்பது போலத் தோன்றும். ஆகவே ஹார்டனர் கலக்கும் முன் தொட்டியின் வால்வை மூடி, பை பக்கம் வைத்த கேஜைப் பார்க்க வேண்டும். அங்கே அதே கசிவு நிமிடத்துக்கு 190 மி.மீ. இறக்கிக் காட்டிக் கொடுக்கும். நாடாவை அழுத்தி ஒட்டிக் கசிவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், அதே தொட்டி மின்தடை வந்தாலும் 35 நிமிடம் வரை 600க்குக் கீழே இறங்காமல் காக்கும்.

இணைக்கும் வரிசை: பம்பு, நான் ரிட்டர்ன் வால்வு, தொட்டி, வேக்குவம் சுவிட்ச், மூடும் வால்வு, கேஜ், ரெசின் பிடிக்கும் பாத்திரம், கடைசியில் பை. நான் ரிட்டர்ன் வால்வு இல்லாவிட்டால் மோட்டார் நின்றதும் காற்றும் பம்பு ஆயிலும் தொட்டிக்குள் ஏறும். ரெசின் பிடிக்கும் பாத்திரத்தை விட்டுவிட்டால் ரெசின் தொட்டிக்குள் போய் இறுகிவிடும். பிறகு தொட்டி உதவாது.

எந்தத் தொட்டி கொடுக்கலாம்? துருப்பிடிக்காத, குவிந்த மூடிகள் உள்ள ஏர் கம்ப்ரசர் தொட்டி ஏற்றது. 200 லிட்டர் எண்ணெய் டிரம் மலிவு என்று கேட்டால் கொடுக்காதீர்கள். 600 மி.மீ. வேக்குவத்தில் அதன் மூடி மீது மட்டும் 2 டன்னுக்கு மேல் பாரம் இறங்கும். டிரம் சட்டென்று நசுங்கி அருகில் நிற்பவரைக் காயப்படுத்தலாம். சமையல் எரிவாயு சிலிண்டரைத் துளைத்துப் பயன்படுத்துவதும் ஆபத்து. அது எண்ணெய் நிறுவனத்தின் உடைமை என்பதால் குற்றமும் ஆகும்.

எனவே பம்பு கேட்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பை எவ்வளவு பெரியது? ரெசின் இறுக எத்தனை மணி நேரம்? மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு? பதிலுக்கு ஏற்பத் தொட்டி, வால்வு, கேஜ், சுவிட்ச் எல்லாவற்றையும் ஒரு செட்டாகக் கொடுங்கள். பில் தொகை சற்றுக் கூடும். ஆனால் வாடிக்கையாளரின் ரெசினும் உழைப்பும் வீணாகாது. நம் கடையின் பெயரும் கெடாது.