அல்லியைப் பெருக்குவோம்



அல்லி பூத்த கேணியால் பெயர் பெற்றது சென்னையின் திருவல்லிக்கேணி. ஊருக்கே பெயர் தந்த அம்மலரை, குட்டைகள் மனைகளாகி வரும் நம் காட்டுப்பாக்கம் போன்ற புறநகர்களில் இனித் தொட்டியில்தான் காக்க வேண்டும் போலும்!

கோடையில் குட்டை வற்றினாலும் அல்லி மடிவதில்லை. இலைகள் கருகும், கிழங்கு சேற்றுக்குள் உறங்கும், மழை பெய்ததும் துளிர்க்கும். ஆனால் குட்டையை மண்கொட்டி மூடிவிட்டால் கிழங்கும் அழியும். ஆகவே அதைப் பெருக்கும் மூன்று வழிகளை அறிவோம்.

1. கிழங்கு: முளை மேல்நோக்கியிருக்கக் கிழங்கைக் களிமண்ணில் மேலாக ஊன்றி, சிறிதளவு நீர் நிறுத்துக. முளைத்த கன்று வேர்விட்டதும் அதை மெல்லப் பிரித்து வேறு தொட்டியில் நடலாம். தாய்க்கிழங்கை மீண்டும் ஊன்றினால் அடுத்த கன்றும் தரும். இவ்வழியில் தாய்ச்செடியின் நிறமே பூவுக்கும் வரும்.

2. விதை: சூல்கொண்ட பூ நீருள் அமிழ்ந்து காயாகும். சில வாரங்களில் காய் வெடிக்க, விதைகள் சிறிது நேரம் மிதந்து பின் மூழ்கிவிடும். அவை சிதறாதிருக்க முன்கூட்டியே காயை மெல்லிய துணிப்பையால் கட்டிவிடுக. சலித்த மண்ணில் விதைத்து, மேலே மணலை மெல்லத் தூவி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீர்விட்டு வெயிலில் வைக்கவும். கலப்பினங்களின் விதையில் வரும் செடி தாயைப் போலவே இராது.

3. இலை: சில இனங்களில், இலையும் காம்பும் கூடுமிடத்தில் குட்டிச்செடி தோன்றும். 'டாபென்' என்னும் கலப்பினம் இதற்குப் பேர்பெற்றது. அந்த இலையைக் கொய்து, ஈரமண்மீது பதித்து, நீர் ததும்பவிட்டால் வேர்பிடிக்கும். நம் ஊர் வெள்ளல்லி, செவ்வல்லிகளுக்கு முதலிரு வழிகளே ஏற்றவை.

கன்று வளர வளர நீரை உயர்த்துக. நாள்தோறும் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். நிழலில் இலை மிகும், பூ குறையும். நீரில் கப்பி மீன்களை விட்டால் கொசுப்புழுக்களைத் தின்றுவிடும். ஆகாயத்தாமரையை மட்டும் அண்டவிடாதீர். அது நீர்ப்பரப்பை மூடிவிடும். அயல்நாட்டு இனங்களை நம் ஏரிகளில் விடுவதும் தகாது.

தோழியரே, ஒரு கிழங்கு பல கன்றுகளுக்குத் தாய். ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பகிர்ந்தளியுங்கள். ஒரு வீட்டுத் தொட்டி வறண்டாலும் மற்றொரு வீட்டில் அல்லி மலர்ந்திருக்கும்!