கணினிப் பாடம்: அடுக்கு சுவிட்சைக் கட்டி ஆளும் முறை



மாசி, பங்குனியில் ஜவ்வாது மலைப் புளி இறங்கும்போது அடிவாரக் கடைகளில் மூச்சுவிட நேரமிராது. ஜமுனாமரத்தூர் பக்கமிருந்து வண்டி வந்து நின்றால் உடனே எடை போட்டுச் சீட்டுக் கொடுத்தாக வேண்டும். அப்படியொரு காலையில் எங்கள் கடையின் கணினிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. நண்பகல் வரை துண்டுச் சீட்டில் எழுதினோம். மாலையில் கணக்கு நேர்செய்தபோது மூன்று மூட்டைக்குச் சீட்டே இல்லை.

காரணத்தைச் சொல்லுமுன் சுவிட்ச் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

பில் கணினி, எடைமேடை, கேமரா ஆகியவற்றின் ஒயர்கள் வந்து சேரும் பெட்டியே சுவிட்ச். ஒரு பெட்டி போதாதபோது இரண்டு மூன்றைத் தனி அடுக்குக் கேபிளால் பின்புறம் இணைத்தால், அவை ஒரே பெட்டிபோல் இயங்கும்; ஒரே முகவரியில் எல்லாவற்றையும் நிர்வகிக்கலாம். 2003-இல் வந்த சிஸ்கோ 3750 வகையில் ஒன்பது பெட்டிகள் வரை அடுக்கலாம். நம் கடைகளுக்கு இரண்டே தாராளம். சிறு மளிகைக் கடைக்கு இது வீண் செலவு என்றே சொல்வோம்.

அடுக்கில் ஒரு பெட்டி தலைமை ஏற்கும். முன்னுரிமை எண் அதிகமுள்ளதே தலைவர். சிஸ்கோவில் இது 1 முதல் 15 வரை. எல்லாப் பெட்டிக்கும் 1 என்றே வரும். நாம் விரும்பும் பெட்டிக்கு 15 கொடுத்துச் சேமித்துவிட வேண்டும். பெட்டிகளில் மென்பொருள் பதிப்பு ஒன்றாயிருத்தல் அவசியம். புதுப் பெட்டியை மின்சாரத்தை நிறுத்திய நிலையிலேயே கேபிளில் இணையுங்கள். ஓடும் பெட்டியை ஓடும் அடுக்கோடு சேர்த்தால் தலைமைப் போட்டி எழும். தோற்ற பக்கம் அணைந்து மீண்டும் எழும். அதுவரை அதிலுள்ள கணினிகள் சும்மா நிற்கும்.

முதல் பெட்டியிலிருந்து அடுத்ததற்கும், கடைசியிலிருந்து மீண்டும் முதலுக்கும் என அடுக்குக் கேபிள் வளையமாக ஓட வேண்டும். ஒரு கேபிள் அறுந்தாலும் மறுவழி இருக்கும்.

எங்கள் வினை இங்கேதான் வந்தது. பின்னால் வளையத்தைப் பார்த்த கடைப் பையன், கல்லாவுக்கடியில் தொங்கிய ஒயர்முனையையும் அந்தச் சிறு சுவிட்சிலேயே செருகிவிட்டான். மறுமுனை ஏற்கெனவே அதில்தான் இருந்தது! முன்புறத் துளைகளில் வளையம் உண்டானால் ஒரே செய்தி ஓயாமல் சுற்றிப் பெருகி எல்லாவற்றையும் அடைத்துவிடும். பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. நாங்கள் சொல்லித் தரவில்லை.

அடுக்கில் கணினிகளுக்கான துளைகளில் ‘பி.பி.டி.யு. கார்டு’ அமைப்பைப் போட்டிருந்தால் அந்த ஒரு துளை மட்டும் தானே மூடிக்கொண்டிருக்கும். மற்ற கல்லாக்கள் ஓடியிருக்கும். இப்போது போட்டிருக்கிறோம். பழுது நீங்கியபின் மூடிய துளையை நாமே திறந்துவிட வேண்டும். அமைப்பின் நகல் ஒன்று பென்டிரைவில் பீரோவில் இருக்கிறது. கல்லாவுக்கடியில் உபரி ஒயர் எதுவும் தொங்குவதில்லை.