தொண்டை வலி போனாலும் ஒரு மாதம் கவனம்

குழந்தைகளுக்கு வரும் தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸ் செய்யும் வேலை. ஒரு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வருவதுதான் வில்லங்கம். அரைகுறையாகக் கவனித்தால், தொண்டை ஆறிய பிறகு மூட்டு, இதயம், சிறுநீரகம் என்று வேறு இடங்களில் கைவரிசையைக் காட்டும். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு இது அதிகம். 3 வயதுக்குள் அபூர்வம்.

1. மூக்கு ஒழுகல், இருமல், குரல் கம்மல் எல்லாம் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் வைரஸ்தான். இருமலே இல்லாமல் திடீர்க் காய்ச்சல், எச்சில் விழுங்கினாலே வலி, டான்சிலில் வெள்ளைப் புள்ளிகள், தாடைக்குக் கீழே நெறி கட்டியிருப்பது என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் தொண்டையைக் காட்டத் தெரியாமல் வயிறு வலிக்கிறது என்பார்கள், வாந்தியும் எடுப்பார்கள்.

2. ஸ்ட்ரெப் என்று உறுதியானால் பென்சிலின் வகை மருந்தை வழக்கமாக 10 நாள் கொடுக்கச் சொல்வார்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டு, பிள்ளை ஓடியாட ஆரம்பித்துவிடும். பாட்டிலும் தீர்ந்துவிடும். வேளைக்கு 5 மி.லி. வீதம் இரண்டு வேளை என்றால் 30 மி.லி. பாட்டில் 3 நாளுக்குத்தான் வரும்! 'மருந்து முடிந்துவிட்டது' என்று நிறுத்துவது இங்கேதான். சீட்டில் எத்தனை நாள் என்று பார்த்து, எத்தனை பாட்டில் வேண்டும் என்று மருந்துக்கடையிலேயே கணக்குப் போட்டு வாங்குங்கள். பாட்டிலில் பவுடராக இருக்கும் மருந்தில் காய்ச்சி ஆறிய நீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். கலக்கிய மருந்து பொதுவாக 7 நாள்தான் தாங்கும் என்பதால் எல்லா பாட்டிலையும் ஒரே நாளில் கலக்கிவிடாதீர்கள்.

3. அண்ணனுக்கு வாங்கி மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தம்பிக்குக் கொடுக்கவே கூடாது.

4. டாக்டரிடம் போக இரண்டு நாள் தாமதமாகிவிட்டதே என்று பதற வேண்டாம். வலி தொடங்கி 9 நாளுக்குள் மருந்தை ஆரம்பித்தால்கூட, மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். வலி தொடங்கிய தேதியை மாதக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். (தினசரி காலண்டரில் எழுதினால் மறுநாளே கிழித்துவிடுவோம்.) அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் 2 முதல் 4 வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். இன்று முழங்கால் வீங்கிச் சூடாக இருக்கும், தொட்டாலே பிள்ளை அலறும். இரண்டு நாளில் அது சரியாகிக் கணுக்காலுக்குத் தாவும். இதை 'வளர்ற வயசு, கால் வலிக்கத்தான் செய்யும்' என்று தைலம் தேய்த்து முடித்துவிடுகிறோம். மூட்டு தானே ஆறிவிடும், இதய வால்வில் விழும் தழும்பு ஆறாது. படியேறினால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு படபடக்கிறதா என்றும் பாருங்கள்.

5. நன்றாக எழுதிய பிள்ளையின் கையெழுத்து திடீரெனக் கோணிப்போகிறது, டம்ளர் கைநழுவுகிறது, முகம் தானாகச் சுளிக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. வகுப்பில் இதைச் சேட்டை என்பார்கள். தொண்டை வலி வந்து பல மாதம் கழித்துக்கூட, ருமாட்டிக் காய்ச்சல் இப்படி நரம்பு வழியாக வெளிப்படும். திட்டும் முன் டாக்டரிடம் காட்டுங்கள்.

6. தொண்டை வலிக்கு ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துக் காலையில் முகமும் கண் இமையும் உப்பி, சிறுநீர் குறைந்து கட்டன் காபி நிறத்தில் போனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றே சிறுநீரும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும்.

7. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு: எச்சில் விழுங்க முடியாமல் வாயில் வழிவது, வாய் திறக்க முடியாதது, கழுத்தைத் திருப்ப முடியாதது, வாயில் எதையோ அடக்கிப் பேசுவதுபோன்ற குரல், மூச்சிழுக்கும்போது சத்தம். தொண்டைக்குள் சீழ் கட்டியிருக்கலாம், மூச்சுக்குழலின் மூடி வீங்கியிருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். பிள்ளையைப் படுக்க வைக்காமல் மடியில் உட்கார வையுங்கள். கரண்டியை விட்டுப் பார்ப்பது, உள்நாக்கைத் தூக்கிவிடுவது, தொக்கம் எடுப்பது எதுவும் வேண்டாம். தொண்டையைத் தொட்ட மாத்திரத்தில் மூச்சு அடைத்துவிடும் அபாயம் உண்டு.

8. பாராசிட்டமால் சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு. சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கலாம், சாதா சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. சிரப் அளவுக்குச் சொட்டு மருந்தை ஊற்றினால் மருந்து நாலு மடங்காகிவிடும். லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். ஆஸ்பிரினை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது.

9. ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு 3 வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி, பல ஆண்டுகள் போட வேண்டியிருக்கும். வலிக்கிற ஊசிதான். பரீட்சை, ஊர்த் திருவிழா என்று ஒரு தவணையைத் தள்ளினால், அந்த இடைவெளியில் வரும் தொண்டை வலி வால்வை மேலும் கெடுக்கும். பல் பிடுங்கப் போனாலும் முதலிலேயே பல் டாக்டரிடம் விவரத்தைச் சொல்லிவிடுங்கள்.

10. தொண்டை அடைப்பான் இன்னும் ஒழியவில்லை. சாம்பல் நிறத்தில் ஆடை படிந்து கழுத்து வீங்கும். அதன் நச்சு இதயத்தையும் தாக்கும். 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசி இதையும், மூச்சுக்குழலின் மூடி வீங்கக் காரணமான ஹிப் கிருமியையும் சேர்த்துத் தடுக்கிறது. அதோடு விட்டுவிடக் கூடாது. ஒன்றரை வயதிலும் 5 வயதிலும் முத்தடுப்பு ஊசியின் பூஸ்டர் உண்டு. பள்ளியில் சேர்க்கும் அவசரத்தில் பலருக்கும் விட்டுப்போவது அந்த 5 வயது ஊசிதான். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம்.