நாற்கூற்று மருத்துவம்

நுழையும்முன்

நோயுற்றால் மருந்து உண்ண வேண்டும் என்பதை அனைவரும் அறிவர். துன்பம் நீங்கிய பின்னும் குறித்த காலம் வரை மருந்தைத் தொடர வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். காசநோயைப் பொறுத்தவரை, இம்மறதி உயிருக்கே இறுதியாகலாம். நெடுநாள் மருத்துவத்தை நிறைவு செய்வதில் நோயாளருக்கும் அவரைச் சூழ்ந்தோர்க்கும் உள்ள பங்கினை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர் என்பன அவை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் முழுமை பெறாது. இவ்வுண்மையைக் காசநோயின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

நோயின் இயல்பு

எலும்புருக்கி நோய், சயரோகம் என்றெல்லாம் வழங்கப்பட்ட காசநோய், பரம்பரையால் வருவது என்றும் தீவினையின் பயன் என்றும் நெடுங்காலம் கருதப்பட்டது. அதற்குக் காரணம் ஒரு நுண்ணுயிரியே என்பதை 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் பெர்லின் நகரில் அறிவித்தார். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இந்நோய் பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும். எலும்பு, மூளை, நிணநீர்க் கணுக்கள் முதலிய உறுப்புகளிலும் தோன்றும். நுரையீரல் காசநோய் உடையவர் இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் நுண்ணுயிரிகள் காற்றில் கலந்து பிறரை அடைகின்றன. ஒரே தட்டில் உண்பதாலோ, உடையைத் தொடுவதாலோ, கைகுலுக்குவதாலோ இந்நோய் பரவுவதில்லை. நுண்ணுயிரி உடலுக்குள் புகுந்தவர் அனைவரும் நோயாளர் ஆவதுமில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் அதனைப் பெரும்பாலும் அடக்கி வைக்கிறது. போதிய உணவின்மை, நீரிழிவு, எச்.ஐ.வி. தொற்று, புகைப்பழக்கம், மதுப்பழக்கம் ஆகியவற்றால் அவ்வாற்றல் குன்றும்போது நோய் தலைதூக்குகிறது.

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைநேரக் காய்ச்சல், இரவில் மிகுதியாக வியர்த்தல், பசியின்மை, எடை குறைதல், சளியில் இரத்தம் கலந்து வருதல் ஆகியன இந்நோயின் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

சென்னை காட்டிய வழி

பயன்தரும் மருந்துகள் இல்லாத காலத்தில் ஓய்வு, தூய காற்று, நல்லுணவு ஆகியவையே மருத்துவமாக இருந்தன. நோயாளர் குடும்பத்தைப் பிரிந்து, ஊருக்கு அப்பாலிருந்த காசநோய் மருத்துவமனைகளில் நெடுங்காலம் தங்கினர். மருத்துவர் டேவிட் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய மருத்துவமனை அத்தகையது. அதன் நினைவாகவே அங்குள்ள தொடர்வண்டி நிலையம் இன்றும் ‘தாம்பரம் சானடோரியம்’ என வழங்குகிறது.

மருந்துகள் கிடைத்த பின்னரும், அத்தனை நோயாளர்க்கும் படுக்கை அளிக்க நாட்டில் மருத்துவமனைகள் போதவில்லை. ஆகவே, வீட்டிலேயே மருத்துவம் அளிக்க இயலுமா என்பதை அறியச் சென்னையில் 1956இல் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. நகரின் ஏழை மக்களிடையே கண்டறியப்பட்ட நோயாளருள் ஒரு பகுதியினர் மருத்துவமனையிலும் மற்றொரு பகுதியினர் தம் இல்லங்களிலும் ஓராண்டு மருத்துவம் பெற்றனர். இல்லங்களில் இடநெருக்கடி இருந்தது. உணவும் மருத்துவமனையில் கிடைத்த அளவிற்குச் செழுமையாக இல்லை. எனினும், இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலம் பெற்றனர். வீட்டில் மருத்துவம் பெற்றோரால் குடும்பத்தாருக்குக் கூடுதல் தீங்கு நேரவில்லை என்பதும் புலனாயிற்று. நலப்பணியாளர்கள் இல்லந்தோறும் சென்று, மருந்து முறையாக உண்ணப்படுகிறதா எனக் கண்காணித்தது இவ்வெற்றிக்குத் துணைநின்றது. 1959இல் வெளியான இம்முடிவுகள் உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றின. அவ்வாய்வை நடத்திய மையமே இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

இடையில் நின்றால்

இன்று காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாத காலம் மருத்துவம் அளிக்கப்படுகிறது. முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகளும் அடுத்த நான்கு மாதங்கள் மூன்று மருந்துகளும் தரப்படுகின்றன. ஒரு மருந்துக்குத் தப்பும் நுண்ணுயிரியை மற்றொன்று அழிக்கும் என்பதே பல மருந்துகளைச் சேர்த்துத் தருவதன் நோக்கம்.

சில வாரங்களிலேயே பெரும்பாலான நுண்ணுயிரிகள் அழிந்துவிடும். இருமல் குறையும், பசி மீளும், உடல் தேறும். ‘நோய் போய்விட்டது’ என எண்ணிப் பலர் மருந்தை நிறுத்துவது இந்நிலையில்தான். ஆனால், எஞ்சியவை உடலில் ஒடுங்கிக் கிடக்கின்றன. மருந்து நின்றதும் அவை பெருகுகின்றன. அவற்றுள் மருந்துக்கு அடங்காதவை மேலோங்கலாம். அதன்பின் பழைய மருந்துகள் பயன்படா. அத்தகைய நோயே பிறருக்கும் பரவுவதால், ஒருவர் இடையில் கைவிட்ட மருத்துவம் ஊருக்கே கேடாகிறது.

மருந்து உண்ணும் காலத்தில் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாவது மருந்தின் இயல்பே, அஞ்ச வேண்டியதில்லை. கண் மஞ்சளாதல், தொடர்ந்த வாந்தி போன்றவை தோன்றினால் உடனே மருத்துவரை நாட வேண்டும். மருந்தை நிறுத்துவதா மாற்றுவதா என்பதை அவரே முடிவு செய்வார்.

துணைநிற்போர் கடமை

நோய் கண்டறியப்பட்டவுடன் அதன் கடுமையை அளந்து, நலிந்தோரை மருத்துவமனையில் சேர்க்கும் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தமிழ்நாட்டில் 2022 முதல் செயல்படுகிறது. மருத்துவக் காலத்தில் சத்துணவுக்கென நடுவணரசு மாதந்தோறும் 1000 ரூபாய் வழங்குகிறது.

இவற்றால் மட்டும் நோயாளர் நலம்பெற்றுவிட இயலாது. காசநோய் எனத் தெரிந்தால் வேலை போய்விடும், திருமணம் தடைப்படும், அண்டை வீட்டார் விலகுவர் என்னும் அச்சம் பலரை நோயை மறைக்கச் செய்கிறது. மறைத்தவர் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குகிறார். பிறர் காணாமல் மருந்துண்ண இடமின்றி அதனைத் தவறவிடுகிறார். அவ்வச்சத்தைப் போக்குவது குடும்பத்தார்க்கும் நண்பர்க்கும் உரிய கடமை. இருமும்போது வாயை மூடச் சொல்வதும், சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தருவதும், வீட்டிலுள்ளோர் பரிசோதனை செய்துகொள்வதும் அறிவார்ந்த காப்பு. அவரோடு அமர்ந்து உண்பதும், ‘இன்றைய மருந்து உண்டாயிற்றா?’ என அன்புடன் வினவுவதும் நான்காம் கூறாகிய துணைமை. ஆறு மாதமும் அத்துணை நீடித்தால், மற்ற மூன்று கூறுகளும் பயன் தரும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, காசநோயாளர்க்கு வழங்கப்படும் உதவிகளைக் கேட்டறிந்து தொகுத்து எழுதுக.
2. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றில் மருத்துவத்தை இடையில் நிறுத்துவதால் விளையும் தீமைகள் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.