அளவு தப்பினால் விண்மீனும் தப்பும்!

ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு வானியல் அறிஞர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அது திரட்டும் ஒளியைப் படம் பிடிக்க, ஃபிலிமுக்குப் பதிலாக வந்தது சி.சி.டி. என்னும் சிலிக்கான் சில்லு.

சில்லு முழுவதும் சின்னஞ்சிறு கட்டங்கள். ஒளி பட்டால் கட்டத்தில் எலக்ட்ரான்கள் சேரும். வெப்பத்தாலும் எலக்ட்ரான்கள் கிளம்பிவிடும். அதனால்தான் சில்லைத் திரவ நைட்ரஜனால் குளிர வைக்கிறார்கள். இனி எண்ண வேண்டியதுதானே என்கிறீர்களா? சிக்கலே அங்குதான் தொடங்குகிறது!

படியா, ஆழாக்கா?

ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது. ஒரு குவியலைப் படியால் அளந்தால் கடைசியில் மிஞ்சும் கைப்பிடி கணக்கில் வராது. ஆழாக்கால் அளந்தால் அதுவும் ஓரளவு தெரியும். ஆனால் எண்ணிக்கை எட்டு மடங்காகும்.

சி.சி.டி.யின் பெருக்கியும் அப்படித்தான். எத்தனை எலக்ட்ரானுக்கு ஓர் எண் என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும். 50 எலக்ட்ரானுக்கு ஓர் எண் என்று வைத்தால், 30 எலக்ட்ரான் தந்த மங்கலான விண்மீன் காணாமல் போகலாம். ஓர் எலக்ட்ரானுக்கே ஓர் எண் என்றால், 16 பிட் கருவி 65,535க்கு மேல் எழுதாது. பிரகாசமான விண்மீனின் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

சுழியில் தொடங்கலாமா?

கூடாது. மின்சுற்றின் இரைச்சல் எண்ணைச் சில சமயம் கூட்டும், சில சமயம் குறைக்கும். சுழிக்குக் கீழே கருவியால் எழுத முடியாது. குறைவதெல்லாம் வெட்டுப்பட்டால் சராசரி பொய்யாகிவிடும். எனவே சில நூறு எண்களை முன்கூட்டியே சேர்த்துவைத்து, பிறகு கழித்துவிடுகிறார்கள்.

சரிபார்ப்பது எப்படி?

சில்லின் மீது சீரான விளக்கொளியைப் பாய்ச்சுங்கள். கட்டத்துக்குச் சராசரியாக 10,000 எலக்ட்ரான் சேர்ந்தால், கட்டத்துக்குக் கட்டம் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமாகிய 100 அளவில் இருக்கும். இது இயற்கையின் விதி. கருவியோ சராசரி 5,000 என்றும் ஏற்ற இறக்கம் 50 என்றும் காட்டுகிறது. 50இன் வர்க்கம் 2,500. 5,000ஐ 2,500ஆல் வகுத்தால் 2. ஆக, 2 எலக்ட்ரானுக்கு ஓர் எண்! எலக்ட்ரானைக் கண்ணால் காணாமலே அளவுகோலைக் கண்டுபிடித்துவிட்டோம்.

அழையா விருந்தாளி

காஸ்மிக் கதிர்த் துகள் ஒன்று சில்லைத் துளைத்தால், சிலிக்கானில் மைக்ரானுக்குச் சுமார் 80 எலக்ட்ரான்களை விடுவித்துச் செல்லும். படத்தில் அது பொய் விண்மீனாகத் தெரியும். அதே இடத்தை மீண்டும் படம் பிடித்தால் அது அங்கே இராது, குட்டு வெளிப்பட்டுவிடும்!

வானியலாருக்குத் தொல்லையான இதுபோன்ற துகள்களையே தேடிப் பிடிக்கிறார்கள், ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில். அங்கு சி.எம்.எஸ். கருவியில் 2017 முதல் சுமார் 12 கோடியே 40 லட்சம் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெருக்கி. குறிப்பிட்ட வாசல் அளவைத் தாண்டினால்தான் அது "துகள் வந்தது" என்று சொல்லும். வாசல் தாழ்ந்தால் இரைச்சலும் உள்ளே நுழையும். உயர்ந்தால் உண்மைத் துகளும் வெளியே நிற்கும்.

டிரான்சிஸ்டர்கள் இரண்டு அச்சாக ஒன்றுபோல் அமைவதில்லை. ஆகவே தெரிந்த மின்னூட்டத்தைக் கட்டத்துக்குள் பலமுறை செலுத்துகிறார்கள். 100 முறையில் 50 முறை பதில் வரும் அளவே அதன் வாசல். பிறகு கட்டம் கட்டமாகத் திருத்தி எல்லா வாசல்களையும் ஏறக்குறைய சமமாக்குகிறார்கள்.

செய்து பாருங்கள்

கட்டம் போட்ட தாளின் மேல் ஒரு பிடி சாமையைப் பரவலாகத் தூவுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் விழுந்த மணிகளை எண்ணிச் சராசரி காணுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, அந்த வர்க்கங்களின் சராசரியையும் காணுங்கள். சீராகத் தூவியிருந்தால் இரண்டு விடைகளும் நெருங்கி நிற்கும். காவலூரின் விளக்கொளிச் சோதனையும் உங்கள் சாமைச் சோதனையும் ஒரே கணக்குத்தான்!