பழைய மஸ்டாங்: முதலில் தண்ணீர்ச் சோதனை

1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் அறிமுகப்படுத்திய கார் மஸ்டாங். கொட்டகையில் பல்லாண்டு கிடந்த அக்காலத்து மஸ்டாங்கைப் புதுப்பிக்க முனைவோர், பெரும்பாலும் எஞ்சினில்தான் கை வைப்பார்கள். அது சரியன்று.

இக்காருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. மேற்கூடும் அடித்தளமும் வெல்டிங்கால் ஒன்றாக இணைந்தவை. தரைத் தகடு துருப்பிடித்தால் காரின் வலுவே போய்விடும். துரு தொடங்கும் முக்கிய இடம், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் துளைகள். அவற்றில் சருகு அடைத்து நீர் தேங்கும். உட்தகடு அரித்து, நீர் காருக்குள் சொட்டும்.

சோதனை எளிது. அத்துளைகளில் ஒரு வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். ஒருவர் டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். கால் வைக்கும் இடம் நனைந்தால், அத்தகட்டைப் பிரித்துச் சீர்செய்த பிறகே எஞ்சினும் பெயிண்டும். இல்லையேல், செலவழித்த பணம் அடுத்த மழையோடு போகும்.