ஒப்படை எழுத முதல்

தங்கச்சி, செப்டெம்பரில் நீ பூர்வகுடிக் கற்கைநெறி எடுக்கப்போகிறாய் என்று அம்மா சொன்னா. மற்றப் பாடங்களுக்கு நான் சொல்லித்தந்த வித்தைகளில் பாதி அங்கே எடுபடாது. முதல் ஒப்படையிலேயே புள்ளி இழந்தவள் சொல்கிறேன், கேள்.

நான் விட்ட பிழை காலத்தில். கிரீ என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள், நம்பினார்கள், கதை சொன்னார்கள் என்று பக்கம் முழுக்க இறந்தகாலம். பேராசிரியர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். பேருந்தில் எனக்குப் பக்கத்தில் இருப்பவரே கிரீயாக இருக்கலாம் என்பது அதுவரை உறைக்கவில்லை. 'தமிழர்கள் சோறு உண்டனர்' என்று யாராவது எங்களைப் பற்றி எழுதினால் அம்மா விடுவாவா? முடிந்த சம்பவத்துக்குத்தான் இறந்தகாலம். கிரெகரி யங்கிங் என்ற கிரீ அறிஞர் 2018இல் வெளியிட்ட 'எலிமென்ட்ஸ் ஒஃப் இண்டிஜினஸ் ஸ்டைல்' கையேட்டில் இப்படி 22 நெறிகள் உண்டு. இரவல் வாங்காதே, சொந்தமாக வாங்கு.

நூலகத் தேடலில் ஒரு சங்கடம் இருக்கிறது. பூர்வகுடிகளுக்கான இன்றைய மரியாதையான சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் பாதிப் புத்தகங்கள் அகப்படாது. பழைய பட்டியல்களில் அவை 'இந்தியன்ஸ் ஒஃப் நோர்த் அமெரிக்கா' என்ற தலைப்புக்குள் கிடக்கின்றன. தேடும்போது அதையும் போடு, எழுதும்போது போடாதே. ஒரே மக்களுக்கு ஓஜிப்வே, ஓஜிப்வா, சிப்பெவா என்று பல எழுத்துக்கூட்டல். எல்லாவற்றையும் தட்டிப் பார். இந்தப் பட்டியல்களில் சலித்துத்தான் மோஹாக் நூலகரான பிரையன் டியர் 1970களில் தனி வகைப்பாடு ஒன்றை உருவாக்கினார். வன்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பூர்வகுடி நூலகம் அதன் ஒரு வடிவத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறது.

இனி எல்டர் விஷயம். வயது போன எல்லோரும் எல்டர் இல்லை. அவரவர் சமூகம் அப்படி ஏற்றுக்கொண்டவர்தான் எல்டர். வகுப்புக்கு வரும் எல்டர் சொன்னதை நீ எழுத விரும்புவாய். வழக்கமான ஏபிஏ மேற்கோள் முறையில் அது மின்னஞ்சலைப் போலத் 'தனிப்பட்ட தொடர்பு'. கட்டுரைக்குள் ஒரு அடைப்புக்குறி, கடைசிப் பட்டியலில் இடமில்லை. இருபது பக்க ஆய்வுக்கட்டுரைக்கு இருக்கும் மரியாதை அறுபது வருஷம் காத்துவந்த அறிவுக்கு இல்லையா? இதை மாற்றத்தான் லொரிஸியா மக்லியொட் என்ற கிரீ நூலகர் எட்மண்டனில் உள்ள நோர்குவெஸ்ட் கல்லூரியோடு சேர்ந்து ஒரு மாதிரி தந்தார். எல்டரின் பெயர், அவருடைய நேஷன் (பூர்வகுடிச் சமூகம்), ஒப்பந்த நிலம், வசிக்கும் இடம், கதைத்த விஷயம், திகதி எல்லாம் பட்டியலிலேயே வரும். ஆசிரியரிடம் முதலே கேட்டுவிட்டு அதைப் பாவி. வாய்மொழி எப்படிச் சான்றாகும் என்று யாராவது இழுத்தால் டெல்கமூக் வழக்கைக் காட்டு: எழுத்து ஆவணத்துக்குச் சமமாக வாய்மொழி வரலாற்றையும் எடைபோட வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றமே 1997இல் சொல்லிவிட்டது.

எல்டரிடம் வெறுங்கையோடு போகாதே. கிரீ, அனிஷினாபே மக்களிடம் கேள்வி கேட்க முதல் புகையிலை கொடுப்பது வழக்கம். எல்லா நேஷனுக்கும் அது பொருந்தாது, ஆகவே கம்பஸ் பூர்வகுடி மாணவர் நிலையத்தில் விசாரித்துக்கொள். அனிஷினாபே மக்களிடம் பனி தரையில் கிடக்கும்போது மட்டும் சொல்லும் கதைகளும் உண்டு. ஒக்டோபரில் போய்க் கேட்டுவிட்டு 'நாளைக்கு ஒப்படை' என்று அவசரப்படுத்தாதே.

விஞ்ஞானப் பாடத்தில் 'நான்' என்று எழுதினால் வெட்டுவார்கள். இங்கே அதில்தான் தொடங்க வேண்டும்: நீ யார், யாருடைய நிலத்தில் இருந்து எழுதுகிறாய். ரொறன்ரோவின் பெரும்பகுதி 1805ஆம் ஆண்டின் 13ஆம் ஒப்பந்த நிலம், ஸ்காபரோ பக்கம் 1923இன் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களும் வரும். ஆனால் 'நாங்களும் இடம்பெயர்ந்தவர்கள், அதனால் உங்கள் வலி விளங்கும்' என்று முதல் பந்தியிலேயே எழுதிவிடாதே. நான் எழுதினேன். இப்போது வாசிக்கக் கூசுகிறது.

இன்னொன்று. எழுதியதை ஒப்படை நாளுக்கு இரண்டு கிழமை முதலே எல்டரிடம் கொண்டுபோய்க் காட்டு. இந்த வசனம் வேண்டாம் என்று அவர் சொன்னால், அது உனக்கு எவ்வளவு பிடித்த வசனமாக இருந்தாலும் வெட்டு.